ஊர் அணிக்கு அரங்கம்: புதுப்பிப்பதா, நகர நடுவே கட்டுவதா, கூரை போட்டுப் புறநகருக்குப் போவதா, வழியனுப்பிவிடுவதா?

ஒரே ஊரில் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி, ஒரு பேஸ்பால் அணி. இரண்டும் ஒரே சமயத்தில் அரங்கம் கேட்கின்றன. வரிக்கு ‘சரி’ என்று வாக்களித்தால் அடுத்த 30, 40 ஆண்டுகளுக்குக் கடைக்குப் போகும்போதெல்லாம் காசு போகும். ‘வேண்டாம்’ என்றால் அணி ஊரைவிட்டே போய்விடுமோ என்ற பயம். மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியின் ரசிகர்கள் 2024 ஏப்ரல் 2 அன்று இந்த இக்கட்டில்தான் நின்றார்கள். கால்பந்தின் சீஃப்ஸ், பேஸ்பாலின் ராயல்ஸ் இரண்டுக்கும் சேர்த்து ஜாக்சன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) 40 ஆண்டு விற்பனை வரி கேட்கப்பட்டது. சுமார் 58 சதவீதம் பேர் மறுத்தார்கள். கால்பந்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் போலைச் சீஃப்ஸ் வென்று இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆகவே அணிமேல் பற்று இல்லாததால் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

இதே கேள்வி அமெரிக்காவில் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. அடுத்து உங்கள் கவுண்டியின் வாக்குச்சீட்டிலும் வரலாம். எனவே கன்சாஸ் சிட்டியை நடுவில் வைத்து, மற்ற ஊர்களின் அனுபவத்தையும் சேர்த்து நான்கு வழிகளையும் எடைபோடுவோம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் ஒரே விடை பொருந்தாது. இரண்டையும் ஒரே கேள்வியாகக் கட்டி, ‘எடுத்தால் இரண்டையும் எடு, விட்டால் இரண்டையும் விடு’ என்று கேட்டதுதான் அந்த வாக்குச்சீட்டின் பெரிய பிழை.

## முதலில் அளவுகோல்கள்

ஆட்ட நாட்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். பேஸ்பால் அணிக்கு ஒரு பருவத்தில் சொந்த ஊரில் 81 ஆட்டங்கள். கால்பந்து அணிக்கு முன்பருவ ஆட்டங்களையும் சேர்த்தால் 10. அதற்குமேல் பிளேஆஃப் என்ற பருவ இறுதிச் சுற்று கிடைத்தால் ஒன்றிரண்டு. சீஃப்ஸ் ஆடும் ஏரோஹெட் அரங்கில் சுமார் 76,000 பேர் உட்காரலாம். பத்து நாளும் நிரம்பினால் 7.6 லட்சம் பேர். ராயல்ஸ் ஆடும் காஃப்மன் அரங்கில் இருக்கைகள் அதில் பாதிதான், சுமார் 37,900. ஆனாலும் 106 ஆட்டங்களில் தோற்ற 2023ஆம் ஆண்டிலேயே அங்கே சுமார் 13 லட்சம் பேர் வந்தார்கள். கோப்பை வென்ற 2015இல் 27 லட்சம். பக்கத்துக் கடைக்காரருக்கு எந்த அணி பிழைப்பு தரும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

எந்த வரி, யார் கட்டுவது. கன்சாஸ் சிட்டியில் கேட்டது எட்டில் மூன்று சென்ட் விற்பனை வரி. அதாவது 100 டாலருக்கு 37.5 சென்ட். ஆண்டுக்கு 20,000 டாலருக்கு வரிக்குரிய பொருள் வாங்கும் குடும்பம் 75 டாலர் கட்டும். 40 ஆண்டில் 3,000 டாலர். பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் விற்பனை வரி ஆட்டம் பார்க்காதவரிடமும் பிடிக்கும், குறைந்த வருமானக்காரரிடம் அவர் வருமானத்தில் அதிகப் பங்கைப் பிடிக்கும். லாஸ் வேகாஸ் செய்ததுபோல் ஹோட்டல் அறை வரியில் வசூலித்தால் சுமை பெரும்பாலும் வெளியூர்க்காரர்மேல் விழும். ஆனால் லாஸ் வேகாஸ் அளவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரும் ஊர் எத்தனை?

மதிப்பீட்டைத் தாண்டும் செலவு. அரங்கம் சொன்ன தொகையில் முடிவது அரிது. பஃபலோவில் பில்ஸ் அணியின் புதிய அரங்கத்துக்குப் பொதுப் பணம் 85 கோடி டாலர்: மாநிலம் 60 கோடி, ஈரி கவுண்டி 25 கோடி. மொத்தச் செலவு 140 கோடியில் தொடங்கி 200 கோடியைத் தாண்டியது. கூடுதல் செலவு முழுவதும் அணியுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் பொதுப் பங்கு அப்படியே நின்றது. 85 கோடி கொடுத்தது சரியா என்பது தனி வாதம். அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டது மட்டும் எல்லா ஊரும் பின்பற்ற வேண்டியது.

குத்தகையின் உள்விதிகள். செய்தித்தாளின் முதல் பக்கத்தில் தொகை வரும். ஊரைக் கடிப்பது உள்ளே இருக்கும் விதி. செயின்ட் லூயிஸ் டோம் குத்தகையில், அரங்கம் 2005லும் 2015லும் லீகின் முதல் கால்பங்குத் தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி நீண்ட குத்தகையிலிருந்து விடுபடலாம் என்று இருந்தது. எந்தக் கட்டடமும் இருபது ஆண்டு கழித்து முதல் வரிசையில் நிற்காது. ராம்ஸ் அணி 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது.

ரசிகரின் ஒரு நாள். வண்டி எங்கே நிற்கும், ரயிலோ பேருந்தோ உண்டா, டிக்கெட் விலை எவ்வளவு ஏறும், ஜனவரிக் குளிரில் பிள்ளைகளோடு உட்கார முடியுமா. வாக்குப் பிரச்சாரத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான்.

## வழி 1: இருப்பதைப் புதுப்பிப்பது

கன்சாஸ் சிட்டி இந்த வழிக்கு ஏற்ற ஊர். 1967இல் வாக்காளர்கள் 4.3 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்தக் காலத்தில் சின்சின்னாட்டி, பிட்ஸ்பர்க், பிலடெல்பியா எல்லாம் இரண்டு ஆட்டத்துக்கும் பொதுவான வட்டக் கான்கிரீட் கிண்ணங்களைக் கட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் பேஸ்பால் பார்த்தால் தொலைவு, கால்பந்து பார்த்தால் கோணல். கன்சாஸ் சிட்டியோ ஐ-70, ஐ-435 நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தனி அரங்கங்களைக் கட்டியது. ஏரோஹெட் 1972இலும் ராயல்ஸ் அரங்கம் 1973இலும் திறந்தன. மற்ற ஊர்களின் கிண்ணங்கள் இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் இவை இரண்டும் நிலைத்ததற்குக் காரணம் அந்த முடிவுதான்.

2006இல் இதே எட்டில் மூன்று சென்ட் வரியை வாக்காளர்கள் ஏற்றார்கள். காஃப்மன் சுமார் 25 கோடி டாலரில் 2009லும், ஏரோஹெட் சுமார் 37.5 கோடியில் 2010லும் புதுப்பிக்கப்பட்டன. இரண்டின் குத்தகையும் 2031 ஜனவரியில் முடியும்படி எழுதப்பட்டது. 2006இல் உருளும் கூரைக்கான இரண்டாவது கேள்வியும் இருந்தது. அதை மட்டும் மறுத்தார்கள். கேள்விகளைப் பிரித்துக் கேட்டால் மக்கள் பிரித்தே பதில் சொல்வார்கள் என்பதற்கு அந்த ஊரிலேயே சான்று இருக்கிறது.

2024இல் சீஃப்ஸ் கேட்டதும் புதுப்பிப்புதான்: 80 கோடி டாலர் வேலை, அதில் 30 கோடி உரிமையாளர் ஹன்ட் குடும்பத்துடையது. சிக்கல் என்னவென்றால், ராயல்ஸ் காலிசெய்து காஃப்மன் அரங்கம் இல்லாமல் போனபின் அந்த இடத்தையும் சேர்த்தே அந்தத் திட்டம் வரையப்பட்டிருந்தது. ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க வழியில்லாமல் இரண்டு திட்டங்களும் பின்னிக்கொண்டன.

மறைந்த செலவுகள் மூன்று. முதலாவது, கான்கிரீட். காஃப்மனில் ஆல்கலி-சிலிகா வினை கண்டிருப்பதாகவும், பழுதுபார்ப்பது புதிதாகக் கட்டும் அளவுக்குச் செலவு வைக்கும் என்றும் ராயல்ஸ் தரப்பு சொன்னது. சிமென்டின் காரமும் கல்லின் சிலிகாவும் ஈரத்தில் சேர்ந்து உருவாகும் கூழ் உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும் வினை இது. மேலே பூசி மறைக்கலாம், நிறுத்துவது கடினம். இப்படிச் சொல்லும் அணியிடம் கேட்க வேண்டியது பொறியாளரின் முழு அறிக்கையை, சுருக்கத்தை அல்ல. எந்தப் பகுதியில், எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு தாங்கும் என்று அதில் இருக்கும். இரண்டாவது, வேலை நடக்கும்போது ஆடும் இடம். சோல்ஜர் ஃபீல்டைப் புதுப்பித்தபோது சிகாகோ பேர்ஸ் 2002 பருவம் முழுவதும் ஷாம்பேன் நகரில் ஆடியது. மூன்றாவது, புதுப்பித்தும் அணி திருப்தி அடையாமல் போவது. அதே சோல்ஜர் ஃபீல்டு லீகிலேயே மிகச் சிறிய அரங்கமாக முடிந்தது, 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியையும் இழந்தது. கடன் தீரும் முன்பே, 2023இல் பேர்ஸ் புறநகரில் நிலம் வாங்கியது.

நன்றாக நடந்ததற்கும் உதாரணம் உண்டு. கிரீன் பேயின் லாம்போ ஃபீல்டு 1957இல் திறந்தது. 2000இல் பிரவுன் கவுண்டி வாக்காளர்கள் அரை சென்ட் வரியை ஏற்றார்கள், 2003இல் புதுப்பிப்பு முடிந்தது, 2015இல் வரி நின்றது. வரிக்கு ஒரு முடிவு இருந்தது, அந்த முடிவும் வந்தது.

எப்போது நல்லது: கால்பந்து அணிக்கு, பார்வைக் கோணம் நன்றாக இருக்கும்போது, அடித்தளமும் கான்கிரீட்டும் தாங்கும் என்று அணி சாராத பொறியாளர் கையெழுத்திடும்போது.

## வழி 2: நகர நடுவே புதிய பேஸ்பால் அரங்கம்

பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் 1992இல் திறந்ததிலிருந்து இந்த ஆசை எல்லா ஊருக்கும் உண்டு. டென்வர், பிட்ஸ்பர்க், சான் டியாகோ, மினியாபொலிஸ் என்று பலவும் அவ்வழியே போயின. அணிக்கும் இதில் வலுவான காரணம் இருக்கிறது. கால்பந்தில் தொலைக்காட்சிப் பணம் 32 அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. பேஸ்பாலில் உள்ளூர் ஒளிபரப்பை நம்பிய அணிகள் பல. அந்த ஒளிபரப்புகளை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு தாக்கல் செய்தது. ராயல்ஸ் ஆட்டங்களும் அதன் அலைவரிசையில்தான் வந்தன. ஆகவே அரங்கைச் சுற்றி உணவகம், அலுவலகம், வீடுகள் கட்டி வாடகை வாங்குவது இன்று பேஸ்பால் உரிமையாளருக்கு ஆட்டத்துக்கு நிகரான தொழில்.

ஊருக்கும் இதில் நியாயம் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 81 நாள் மாலையில் இருபதாயிரம் பேர் நடந்து வந்தால் தெருவில் கடை பிழைக்கும். கன்சாஸ் சிட்டியில் 2016 முதல் கட்டணமில்லாத ஸ்ட்ரீட்கார் (டிராம்) ஓடுகிறது. 2025 அக்டோபரில் தெற்கே நீட்டிக்கப்பட்டது. நெடுஞ்சாலைச் சந்திப்பில் இருக்கும் காஃப்மனைச் சுற்றி ஐம்பது ஆண்டுகளில் ஒரு தெருக்கூட உருவாகவில்லை. அங்கே வருபவர் வண்டியில் வந்து வண்டியில் போகிறார்.

அப்படியானால் 2024இல் ஏன் தோற்றது? ராயல்ஸ் கிராஸ்ரோட்ஸ் பகுதியைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தது பிப்ரவரி 13 அன்று. வாக்குப்பதிவுக்கு ஏழே வாரம். அந்த இடத்தில் சிறு கடைகளும் உணவகங்களும் கலைக்கூடங்களும் இருந்தன. அவர்களுக்கு எவ்வளவு இழப்பீடு, எந்தத் தெரு மூடப்படும், அரங்கைத் தவிர்த்த கட்டடங்களின் பணம் எங்கிருந்து வரும் என்பவை தெளிவாகவில்லை. கவுண்டி நிர்வாகியாக இருந்த ஃபிராங்க் வைட், ராயல்ஸின் இரண்டாம் பேஸில் ஆடி சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் குளவ் விருதை எட்டு முறை வாங்கியவர். காஃப்மனில் அவருக்குச் சிலையே இருக்கிறது. அவரே இந்த வாக்கெடுப்பைத் தன் அதிகாரத்தால் தடுத்தார். கவுண்டி சபை அதைத் தள்ளிவிட்டு வாக்குக்கு அனுப்பியது. பழைய வீரரே எதிர்க்கும்போது ரசிகர் யோசிக்காமல் இருப்பாரா?

மறைந்த செலவு பெரும்பாலும் அரங்கத்துக்கு வெளியே: கழிவுநீர்க் குழாய் மாற்றம், மின் இணைப்பு, பாலம், சாலை, பல ஆண்டுச் சொத்துவரிச் சலுகை. இவை நகராட்சியின் வேறு கணக்குகளில் எழுதப்படுவதால் ‘பொதுப் பங்கு’ என்று அறிவிக்கும் தொகையில் வராது. இன்னொன்று, அரங்கத்தின் ஆயுள். அட்லாண்டாவின் டர்னர் ஃபீல்டில் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி ஆடியது 20 பருவம் மட்டுமே. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 1994இல் திறந்த அரங்கை வெயிலுக்காகவே விட்டுவிட்டு, 2020இல் கூரையுள்ள அரங்குக்கு மாறியது. கடன் 30 ஆண்டு, அரங்கம் 20 ஆண்டு என்றால் வித்தியாசத்தை ஊர் சுமக்கும்.

எப்போது நல்லது: பேஸ்பாலுக்கு மட்டும், ரயிலோ ஸ்ட்ரீட்காரோ ஏற்கெனவே ஓடும்போது, காலி நிலமோ வண்டி நிறுத்துமிடமோ கிடைக்கும்போது. சுற்றுக் கட்டடங்களை இந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் இவ்வளவு அபராதம் என்று உரிமையாளர் கையெழுத்திட்டிருக்கவும் வேண்டும்.

## வழி 3: கூரையுள்ள புதிய கால்பந்து அரங்கம், எல்லைக்கு அப்பால்

2024 தோல்விக்குப்பின் பக்கத்து மாநிலமான கன்சாஸ் உடனே கதவைத் திறந்தது. அந்த ஜூனிலேயே, அரங்கச் செலவில் 70 சதவீதம் வரை ஸ்டார் பத்திரங்களால் தரலாம் என்று சட்டம் இயற்றியது. மிசூரி 2025 ஜூனில் 50 சதவீதம் வரை என்று பதில் சொன்னது. 2025 டிசம்பர் 22 அன்று சீஃப்ஸ் கன்சாசைத் தேர்ந்தெடுத்தது: வயன்டாட் கவுண்டியில் சுமார் 300 கோடி டாலரில் கூரையுள்ள அரங்கம், 2031 பருவத்திலிருந்து. பொதுப் பங்கு 60 சதவீதம்.

ஸ்டார் பத்திரம் எப்படி வேலை செய்கிறது? ஒரு வட்டாரத்தை வரைந்து, அதற்குள் கூடுதலாக வரும் விற்பனை வரியைக் கடனடைக்க ஒதுக்குவார்கள். புது வரி இல்லை, எனவே வலிக்காது என்பது வாதம். இதே வயன்டாட் கவுண்டியில் கார்ப்பந்தயத் தடத்தைச் சுற்றி எழுந்த வில்லேஜ் வெஸ்ட் இந்த முறையின் வெற்றி. ஓவர்லேண்ட் பார்க்கின் பிரெய்ரிஃபயர் திட்டமோ 2023 டிசம்பரில் பத்திரத் தவணை கட்ட முடியாமல் நின்றது. வில்லேஜ் வெஸ்டுக்கு ஆண்டு முழுவதும் கடைக்குக் கூட்டம் வந்தது. பத்து நாள் ஆட்டம் அந்தக் கூட்டத்தைத் தனியாகக் கொண்டுவராது. அரங்கத்தோடு எழும் கடைகளும் ஹோட்டல்களும்தான் கடனை அடைக்க வேண்டும். ஒரே மாநகரத்தின் இரண்டு கரைகளில் வாழும் மக்கள் மிசூரியில் செலவழித்ததைக் கன்சாசில் செலவழிப்பது மொத்த மாநகரத்துக்கு வருமானம் ஆகாது. பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது. அரங்கங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்வதும் இதைத்தான்.

கூரைக்கு ஆதரவான வாதத்தை லேசாகத் தள்ளக் கூடாது. 2024 ஜனவரி 13 அன்று ஏரோஹெட்டில் மயாமி டால்ஃபின்சுடன் நடந்த பிளேஆஃப், சுமார் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் நடந்தது. உறைபனிக் காயத்தால் விரல் இழந்த ரசிகர்களும் உண்டு. கச்சேரியும் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிச் சுற்றும் குளிர்காலத்தில் நடத்தக் கூரை வேண்டும். ஆனால் ‘சூப்பர் போல் வரும்’ என்ற ஆசையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்டின் ஃபோர்டு ஃபீல்டுக்கு 2006இல் ஒருமுறை, இண்டியானாபொலிசின் லூகாஸ் ஆயிலுக்கு 2012இல் ஒருமுறை, மினியாபொலிசின் யு.எஸ். பேங்க் அரங்குக்கு 2018இல் ஒருமுறை. குளிர் ஊருக்குக் கூரை வாங்கித் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு சூப்பர் போல்.

ரசிகர் இழப்பதும் இருக்கிறது. ஏரோஹெட்டின் அடையாளமே காலையிலிருந்து வண்டிக்குப் பின்னால் புகையும் பார்பிக்யூவும், 2014இல் 142.2 டெசிபல் என்று உலகச் சாதனையான கூச்சலும்தான். புது அரங்குகளில் இருக்கை குறையும், சொகுசு அறைகள் கூடும். காரணம் நேரடியானது: சாதாரண டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு மற்ற அணிகளுக்குப் போகும், சொகுசு அறைப் பணத்தின் பெரும்பகுதி உரிமையாளரிடமே நிற்கும். பருவச் சீட்டு வாங்கும் உரிமைக்கே தனிக் கட்டணம் கேட்கும் வழக்கமும் புது அரங்குகளோடு வருகிறது.

எப்போது நல்லது: பழைய அரங்கம் உண்மையிலேயே தாங்காதபோது; பொதுப் பங்கு உச்சவரம்போடு நிற்கும்போது; ஆட்டமில்லாத நாட்களின் வருமானத்திலும் ஊருக்குப் பங்கு எழுதப்பட்டிருக்கும்போது. 60 சதவீதம் என்பது விகிதம், உச்சவரம்பு அல்ல. தொகையாக எழுதினால்தான் வரம்பு.

## வழி 4: வழியனுப்புவது

இதைச் சொன்னாலே ரசிகர் கோபப்படுவார். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் இதை மேசையில் வைக்காத ஊரால் பேரம் பேச முடியாது. சான் டியாகோ 2016இல் வரியை மறுத்தது, சார்ஜர்ஸ் கால்பந்து அணி 2017இல் போனது. ஊரில் பேட்ரெஸ் பேஸ்பால் அணி இருக்கிறது, நகர நடுவில் அரங்கும் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் ராம்ஸை இழந்தபின் வழக்குத் தொடுத்து 2021இல் 79 கோடி டாலர் சமரசத் தொகை பெற்றது.

ஓக்லண்டின் கதைதான் எச்சரிக்கை. ரெய்டர்ஸ் கால்பந்து அணியைத் திரும்பக் கொண்டுவர 1995இல் கடன் வாங்கி கொலீசியம் அரங்கில் பிரம்மாண்டமான மேல்தளம் கட்டினார்கள். அது பேஸ்பால் ரசிகருக்குத் தெரிந்த குன்றுகளின் காட்சியை மறைத்தது. ரெய்டர்ஸ் 2020இல் லாஸ் வேகாஸ் போனபின்னும் நகரமும் கவுண்டியும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தன. 2024 பருவத்தோடு ஏஸ் பேஸ்பால் அணியும் கிளம்பியது. ஆக, வழியனுப்புவது மலிவாக வேண்டுமானால் அதற்கு முந்தைய குத்தகை ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும்: அணி போனால் மீதிக் கடன் அணியுடையது என்று.

எப்போது நல்லது: பழைய கடன் இன்னும் பாக்கி இருக்கும்போது, ஊரில் இன்னோர் அணி தங்கும்போது, கேட்கும் தொகை பள்ளி, சாலை நிதியைத் தொடும்போது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | புதுப்பிப்பு | நகர நடுவில் பேஸ்பால் | கூரைக் கால்பந்து | வழியனுப்புதல் |
|---|---|---|---|---|
| ஊரில் ஆட்ட நாட்கள் | மாறாது | 81 | 10 + பிற நிகழ்ச்சிகள் | 0 |
| தொடக்கச் செலவு | குறைவு | அதிகம் | மிக அதிகம் | இல்லை |
| மறைந்த செலவு | கான்கிரீட், தற்காலிக மைதானம் | குழாய், சாலை, வரிச்சலுகை | வட்டார வரி குறைந்தால் கடன் | பழைய கடன், காலி அரங்கம் |
| கடைத்தெருவுக்குப் பயன் | சிறிது | நல்லது, ரயில் இருந்தால் | ஆட்டமில்லா நாட்களைப் பொறுத்தது | இழப்பு சிறிது |
| ரசிகருக்கு | பழக்கமான இடம் | நடந்து போகலாம் | குளிரில்லை, விலை ஏறும் | அணியே இல்லை |

## இரண்டு அணிக்கும் சேர்த்துக் கேட்டால்

சின்சின்னாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுண்டி 1996இல் அரை சென்ட் வரியை ஏற்றது. பெங்கால்ஸ் கால்பந்து அணிக்கு 2000இலும், ரெட்ஸ் பேஸ்பால் அணிக்கு 2003இலும் அரங்கம் எழுந்தது. வீட்டுச் சொத்துவரியில் தள்ளுபடி தருவதாகச் சொல்லித்தான் வாக்கு வாங்கினார்கள். விற்பனை வரி வசூல் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தபோது தள்ளுபடி வெட்டப்பட்டது. கால்பந்துக் குத்தகையிலோ, எதிர்காலத்தில் ஹோலோகிராம் மறுஒளிபரப்புக் கருவி வந்தால் அதற்கும் கவுண்டியே பொறுப்பு என்ற அளவுக்கு விதிகள் இருந்தன. ஒரே வரிப் பையிலிருந்து இரண்டு அணிக்கும் கொடுத்தால், நன்றாகப் பேரம் பேசிய அணி மற்றதன் பங்கையும் உறிஞ்சும்.

கன்சாஸ் சிட்டிக்கு என் தீர்ப்பு: பேஸ்பாலுக்கு இரண்டாம் வழி, கால்பந்துக்கு முதல் வழி, இரண்டு தனித் தனிக் கேள்விகளாக. சீஃப்ஸ் வேறு முடிவெடுத்துவிட்டது. அதனால் ஏரோஹெட்டின் எலும்புக்கூடு நல்லதாக இருந்தது என்ற உண்மை மாறாது. 2024இல் 80 கோடியில் முடிந்திருக்கக்கூடிய வேலைக்குப் பதிலாக 300 கோடி அரங்கம் வருகிறது.

உங்கள் ஊரில் வாக்குச்சீட்டு வந்தால் கவுண்டியின் இணையதளத்தில் குத்தகை வரைவைத் தேடுங்கள். வரைவு வெளியாகவில்லை என்றால் அதுவே மறுக்கப் போதுமான காரணம். வெளியாகியிருந்தால் ஐந்தை மட்டும் பாருங்கள். பொதுப் பங்கு சதவீதமா, தொகையா? கூடுதல் செலவு யாருடையது? குத்தகைக் காலம் கடன் காலத்தைவிடக் குறைவா? ‘லீகின் தரத்துக்கு இணையாக’ என்பது போன்ற சொற்றொடர் எங்காவது உண்டா? அணி கிளம்பினால் மீதிக் கடனும் பழைய அரங்கை இடிக்கும் செலவும் யார் கணக்கில்? கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் ‘முன்கூட்டிய முடிவு’ என்ற தலைப்பின்கீழ், ஆவணத்தின் பின்பகுதியில் இருக்கும்.